துடுப்புப் படகு வாங்கிய கதை

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிழைப்புக்காக எந்த ஊருக்குப் போனாலும், அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நான் இருபது ஆண்டுகளுக்கு முன்பு உத்தியோகத்தின் பொருட்டுக் கொச்சிக்கு வந்தபோது, அப்படி விசாரிக்கவேண்டிய அவசியமே நேரவில்லை. பாதித் தெருக்கள் காயலில் போய்த்தான் முடிகின்றன. அந்தக் காயலில் சொந்தமாக ஒரு சிறு படகைத் துடுப்புப் போட்டுச் செலுத்தவேண்டும் என்ற ஆசை வெகுநாளாக என்னுள் இருந்தது. அது சென்ற ஆண்டு நிறைவேறியது. நிறைவேறிய விதத்தில் சில சங்கடங்கள் இருந்தன. அந்தச் சங்கடங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். போபால் ஏரிக்கரையிலோ, பிரம்மபுத்திரையின் கரையிலோ, மும்பையை அடுத்த கடற்கழிகளின் ஓரத்திலோ குடியிருக்கும் நேயர்களில் யாருக்கேனும் இதே ஆசை இருக்கக்கூடும்.

நான் வாங்கியது மரப் படகு அன்று. கயாக் என்று சொல்கிறார்களே, அந்த வகையைச் சேர்ந்த பிளாஸ்டிக் படகு. 12 அடி நீளம். 34 கிலோ எடை. இருவர் முன்னும் பின்னுமாக அமரலாம். உட்புறம் முழுவதும் மூடப்பட்ட வெற்றிடம். நாம் அதன் மேல்தட்டில் உள்ள பள்ளங்களில் அமர்ந்து துடுப்புப் போடவேண்டும். விலை 40,000 ரூபாய்க்குச் சற்று மேல். வேறொரு மாநிலத்து வியாபாரியிடம் இணையவழியாகப் பணம் கட்டினேன். பத்து நாட்களில் லாரி சரக்குக் கிடங்கிலிருந்து படகை எடுத்துக்கொள்ளும்படி செய்தி வந்தது.

அங்கே நான் செய்த முதல் தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அச்சிட்ட காகிதத்தை நீட்டினார்கள். உறையைக் கூடப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், படகின் அடிவயிற்றில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இது செய்தவன் குறையா, ஏற்றிவந்தவன் குறையா என்ற கேள்விக்கு அந்தக் கையெழுத்து இடமில்லாமல் செய்துவிட்டது. 'உறை பிரித்துப் பார்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்திட்டிருந்தால் போதும். வாங்கிய சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதலாகாது என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. சட்டம் நம் பக்கம் நின்றாலும், நம் கையெழுத்து எதிர்ப் பக்கம் போய் நின்றுவிடுகிறது.

பள்ளத்தைக் கண்டு நான் பதறியது வீண் என்பது பிறகு தெரிந்தது. இந்தப் படகுகளைப் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்கிறார்கள். வெயிலில் நெடுநேரம் கயிற்றால் இறுகக் கட்டி வைத்தால் கட்டிய இடத்தில் குழி விழுவது அதன் இயல்பு. இளம்வெயிலில் கவிழ்த்து வைத்தோ, வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டோ சூடேற்றினால், பெரும்பாலும் தானே பழைய வடிவுக்கு மீளும். அல்லது உட்புறமிருந்து மெல்ல அழுத்தினால் மீளும். என் படகின் பள்ளம் இரண்டு பகற்பொழுதில் மறைந்தது. அதே போல, மேல்தட்டிலிருந்து அடிப்புறம்வரை ஊடுருவிச் செல்லும் துளைகளைக் கண்டும் திடுக்கிட்டேன். தண்ணீரில் இறக்கியவுடன் அவற்றின் வழியே காலடியில் நீர் வந்தது. மேல்தட்டில் தெறித்து விழும் தண்ணீர் வடிந்து போவதற்காகவே வைத்த குழாய்கள் அவை. கனமானவர் அமர்ந்தால் அவற்றின் வழியே சிறிது நீர் மேலே வரத்தான் செய்யும். நம் கடற்கரைக் கட்டுமரத்தில் கட்டைகளின் இடுக்கில் அலை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே நீர் புகுவதற்கு உள்ளறை என்று ஒன்றும் இல்லை. ஆதலால் அதில் ஓட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. என் படகுக்கு உள்ளறை உண்டு. வினை அங்கேதான் இருந்தது.

கடமக்குடித் தீவுகளின் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு வயதுள்ள என் மகளை முன்னால் அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். இருவரும் மிதவைச் சட்டை அணிந்திருந்தோம். அந்த ஒரு காரியத்தில் மட்டும் நான் புத்திசாலியாக நடந்துகொண்டேன். பொக்காளி வயல்களின் ஓரமாக அரைமணி நேரம் அருமையாகப் போயிற்று. பிறகு படகு மந்தமாயிற்று. துடுப்பை எத்தனை வலிந்து போட்டாலும் முன்போல் நகரவில்லை. என் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். "அப்பா, படகுக்குள்ளே யாரோ குடம் குலுக்குகிறார்கள்" என்றாள் மகள். காது கொடுத்துக் கேட்டேன். உள்ளறையில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது.

படகின் உள்ளே புகுந்த நீரின் அபாயம் அதன் கனத்தில் மட்டும் இல்லை. நிமிஷத்துக்கு அரை லிட்டர் கசிந்தாலும் ஒரு மணி நேரத்தில் 30 கிலோ சேர்ந்துவிடும் என்பது ஒரு பக்கம். அந்தக் கனம் ஓரிடத்தில் நில்லாது என்பது அதைவிடப் பொல்லாதது. படகு எந்தப் பக்கம் லேசாகச் சாய்கிறதோ, உள்ளே இருக்கும் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். ஒரு மோட்டார்ப் படகு கிளப்பிய அலை வந்து மோதியபோது எங்கள் படகு சாய்ந்தது. சாய்ந்த பக்கத்திலிருந்து திரும்பி வரத் தயங்கியது. அந்தத் தயக்கம் ஒரு மூச்சு விடும் நேரந்தான் இருந்திருக்கும். ஆனால் மகளின் தோள் நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதை நான் பார்த்துவிட்டேன். எதிரே இருந்த சீனவலையின் மரக்கால்களைப் பற்றிக்கொண்டு, அங்கிருந்து ஆழமில்லாத ஓரமாக ஊர்ந்து, கரை சேர்ந்தோம். பின்முனையில் இருந்த வடிமூடியைத் திருகி எடுத்துப் படகைத் தூக்கிப் பிடித்தபோது மூன்று வாளி அளவுக்குத் தண்ணீர் கொட்டியது.

அன்று மாலை வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு இந்தியும் எனக்கு அரைகுறை இந்தியும் தெரியும். நான் வினைமுற்றுகளைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளிகளில் அவர் வெகு இனிமையாகப் பேசினார். "ஐயா தமிழ்நாட்டுக்காரர்தானே? படகுப் பழக்கம் புதிதாக இருக்கும். புதுப் படகு முதலில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தானாகச் சரியாகிவிடும்" என்றார். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தொலைபேசியை வைத்த பிறகுதான் அது என் நினைவுக்கு வந்தது. அது மட்டும் அல்ல, அவர் சொன்னதை நம்பவும் செய்தேன். வீட்டின் பின்புறமுள்ள கால்வாயில் படகை இரண்டு நாள் கட்டிப் போட்டேன்.

இரண்டாம் நாள், நாற்பது ஆண்டுகள் வள்ளம் ஊன்றிய ஒரு முதியவர் அவ்வழியே போனார். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரைச் சேட்டன் என்றே அழைப்பார்கள். பிளாஸ்டிக் படகு கால்வாயில் அனாதையாகக் கிடப்பதைப் பார்த்து, "என்ன சாரே, இதற்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறீர்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரையில் அமர்ந்துகொண்டு நிதானமாக விளக்கினார்.

வியாபாரி சொன்னது பொய் அன்று. ஆனால் அது வேறொரு பொருளைப் பற்றிய உண்மை. மலையாளத்தில் ஆஞ்சிலி என்றும் நம் குமரி மாவட்டத்தில் அயனி என்றும் வழங்கும் மரத்தின் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய வள்ளங்கள் இந்தக் காயல்களில் நெடுங்காலமாக ஓடுகின்றன. ஆணி இல்லாமல் தைத்துக் கட்டுவதனாலேயே அவற்றுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். வெயிலில் கிடந்து காய்ந்த மரப் படகை நீரில் இறக்கினால் பலகைகளின் இணைப்பில் நீர் கசியும். மரம் நீரைக் குடித்து ஊதும், ஊதிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும், கசிவு நிற்கும். ஆகையால் மரப் படகை ஊறப் போடுவது வைத்தியம். "உங்கள் படகு தண்ணீர் குடிக்குமா? ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒரு மாதம் கிணற்றில் போட்டு வைத்தால் அதன் ஓட்டை அடைபடுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இத்தகைய படகை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், குறை எங்கே தோன்றும் என்பதும் புலப்படும். படகின் வடிவமுள்ள உலோக அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைக் கொட்டி மூடி, பெரிய உலையில் வைத்து, இரண்டு திசைகளில் மெல்லச் சுழற்றுவார்கள். பொடி உருகி அச்சின் உட்சுவரில் தோசைமாவு போலப் படியும். பிறகு குளிர்வித்து எடுப்பார்கள். படகு முழுவதும் ஒரே வார்ப்பு. ஒட்டு இல்லை, தையல் இல்லை. சூடு போதாவிட்டால் பொடி நன்கு கலவாமல் உட்புறம் சொரசொரப்பாகவும் சுவர் குமிழிகளுடனும் அமையும். சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் தன் வலிமையை இழந்து முறியும் தன்மை பெறும். நான் சொன்னேனே, அந்த வடிகுழாய்கள், அவை குறுகிய இடங்கள். பொடி அங்கே போதிய அளவு சென்று படியாவிட்டால் சுவர் மெலிந்துவிடும். அமர்பவரின் கனமும் அங்கேதான் அதிகம் விழுகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சேட்டன் சொன்ன வழி எளியது. படகை இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, வெளிப்புறம் முழுவதும் சோப்பு நுரையைப் பூசினோம். காற்று மெத்தைக்கு அடிக்கும் சிறு காற்றடிப்பானை வடிதுளையில் துணி சுற்றிச் செருகி மெதுவாகக் காற்றடித்தோம். மோட்டார் டயருக்குக் காற்றடிக்கும் எந்திரத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தலாகாது. படகு புடைத்துக் கெடும். சிலர் உள்ளே தண்ணீரை நிரப்பிப் பார்க்கிறார்கள். நூறு லிட்டர் நூறு கிலோ என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிஷங்களில் பின்னிருக்கையின் அடியில், வலப்பக்கத்து வடிகுழாயின் கழுத்தில், முத்துமுத்தாகக் குமிழிகள் கிளம்பின. விரலால் தடவினால், நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் ஓரம் வெற்றிலை போல மெலிந்திருந்தது. பாறையில் மோதியதற்கான கீறலோ வடுவோ சுற்றிலும் இல்லை. இது வார்ப்பிலேயே நேர்ந்த குறை என்பதில் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். என் பெட்டியில் நல்ல பசை ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தும்விட்டேன். சேட்டன் தடுத்தார். பாலிஎதிலீனில் சாதாரணப் பசைகள் பிடிப்பதில்லை. பிடித்ததுபோல் தோன்றி, நடுக்காயலில் தோலாக உரிந்து வந்துவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூடான காற்றினால் உருக்கிப் பற்றவைப்பதுதான் முறை; சில வகைப் பாலிஎதிலீனுக்கு அதுவும் பயன்படாது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: நாம் கைவைத்துவிட்டால், 'நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்' என்று சொல்ல வியாபாரிக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டவர்கள் ஆகிறோம். ஆகவே பசையை உள்ளே வைத்துவிட்டு, பிளவின் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். பின்முனையில் பதித்திருந்த வரிசை எண்ணையும் எடுத்தேன். சோப்புக் குமிழிகள் கிளம்புவதைச் சலனப் படமாக என் மகள் எடுத்தாள்.

வியாபாரிக்குக் கடிதம் எழுதினேன். விரைவு அஞ்சலில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி. எந்தத் தேதியில் வாங்கியது, எங்கே கசிகிறது, எனக்கு வேண்டியது என்ன என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதினேன். கோபத்தை எழுதவில்லை, அது இருந்தது. பதில் ஒரே வரியில் வந்தது: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறோம்.'

இதற்குப் பிறகு நண்பர்களிடம் நான் கேட்டது வழக்கமான புத்திமதி. வந்த ஊரில் நமக்கு ஏன் வம்பு? மொழி தெரியாத இடத்தில் வழக்கா? வியாபாரி இருக்கும் ஊருக்கு யார் அலைவது? வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு இந்தத் தயக்கம் பழகிப்போய்விட்டது. வீட்டுக்காரர், பால்காரர், பள்ளிக்கூடம் என்று எங்கும் ஒரு படி இறங்கியே பேசிப் பழகிவிட்டோம். நானும் கிட்டத்தட்ட விட்டுவிடுவதாகவே இருந்தேன். ஆனால் மகளின் தோள் தண்ணீரைத் தொட இருந்த அந்தக் கணம் என்னை விடவில்லை. இந்தப் படகை நான் பேசாமல் மூலையில் போட்டுவிட்டால், இதே அச்சில் வார்த்த இன்னொரு படகில் இன்னொருவர் மகள் அமர்வாள் அல்லவா?

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதில் நம் போன்றவர்களுக்கென்றே எழுதினாற்போல ஒரு வசதி இருக்கிறது. முறையிடுபவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. முறையீட்டை இணையவழியாகவும் அனுப்பலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். ரசீதில் அச்சிட்ட அந்த வரியைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று அது வகைப்படுத்துகிறது. படகை வாடகைக்கு விட்டு வாணிபம் செய்வதற்காக வாங்கியவர்களின் நிலை வேறு. நான் சொல்வது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களைப் பற்றி.

ஆணையத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு சிறிய படி இருக்கிறது. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் தொலைபேசி எண். அங்கே தமிழிலும் பேசலாம். எனக்கு அது தெரியாது. இந்தி வாக்கியங்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன். தமிழ்க் குரல் கேட்டதும் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊர்த் தமிழில், மூச்சு விடாமல், நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, முறையீட்டைப் பதிவு செய்து, எண்ணும் கொடுத்தார். இந்த மையம் தீர்ப்புச் சொல்லும் இடமன்று. சமரசத்துக்கு வழி செய்யும் இடம். அங்கே தீராவிட்டால் ஆணையத்தின் வாசல் திறந்தே இருக்கும்.

என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. மூன்று வாரங்களுக்குப் பிறகு, படகைச் செய்த தொழிற்சாலையிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். வியாபாரியைப் போல இனிமையாகப் பேசத் தெரியாதவர். படகைப் புரட்டினார், பிளவில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தார். "இது எங்கள் தவறு, இந்த வரிசையில் வார்த்த மற்றவற்றையும் பார்க்கவேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். அந்த மாத முடிவில் வேறு படகு வந்தது. இம்முறை சரக்குக் கிடங்கிலேயே உறையைப் பிரித்தேன். ஊழியர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் பொருட்படுத்தவில்லை. வீட்டில் சோப்பு நுரைச் சோதனை. பிறகு கரையோரத்தில், இடுப்பளவு நீரில், ஒரு மணி நேரம் இருவரும் சும்மா அமர்ந்திருந்துவிட்டு, வடிமூடியைத் திறந்து பார்த்தோம். ஒரு கரண்டி நீர்கூட இல்லை.

புதிய படகிலும் குறைகள் இல்லாமல் இல்லை. பின்னிருக்கையின் வார்ப் பூட்டு ஒன்று தளர்ந்திருந்தது. துடுப்பின் இரு பாதிகள் சேரும் இடத்தில் சற்று ஆட்டம் இருந்தது. இவற்றுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அழகன்று. பத்து ரூபாய்த் திருகாணியாலும் ஒரு துண்டு ரப்பராலும் நானே சரிசெய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது விடுமுறை நாட்களில் காயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். சென்ற மாதம் ஒருநாள், கரையிலிருந்து நூறு கெஜம் போவதற்குள், படகினுள் மறுபடியும் அந்தக் குடம் குலுங்கியது. எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. வியாபாரிக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொண்டே படகைத் திருப்பினேன். கரையில் சேட்டன் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில், நான் பூட்ட மறந்து படியில் வைத்துவிட்டுப் போன வடிமூடி இருந்தது.